நாலு விரல் தள்ளி

"டீச்சர், தரை என்னை அடிக்குது."

"முதல்ல நீங்க அடிச்சிருப்பீங்க."

இப்படித்தாங்க ஆரம்பிச்சுது.

புகார் சொன்னவன் எத்திராஜ், வயசு நாப்பத்தொண்ணு. பதில் சொன்னவ தபிதா, வயசு இருபத்தாறு. ரெண்டு பேரும் நின்னது பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்குக் கீழ. வண்டி நிறுத்தறதுக்குன்னு கட்டி, வண்டியே வராம போன பெரிய சிமெண்ட் தரை. நாலு மணி வெயில் தூணுக்குத் தூண் சாய்ஞ்சு கிடந்துச்சு.

எத்திராஜ் யாருன்னு சொல்லிடறேன். சினிமாவுல ஹீரோ மாடியிலேருந்து குதிப்பார் இல்ல? குதிக்கிறது அவர் இல்ல, இவன். பத்தொம்பது வருஷமா டூப். மூஞ்சி தெரியாது, முதுகுதான் தெரியும். இவன் பொண்டாட்டி சகுந்தலா தியேட்டர்ல பக்கத்து சீட்டுக்காரங்களைத் தட்டிக் கூப்பிட்டு, "அந்த முதுகு எங்க வீட்டுக்காரருது"ம்பா. ஒரு தடவை வேற யார் முதுகையோ காட்டிட்டா. ஒரு வாரம் ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அது தனிக்கதை, விடுங்க.

எத்திராஜுக்குன்னு ஒரு குதி உண்டு. மேலேருந்து வந்து ஒரு முட்டியும் ஒரு முஷ்டியும் 'டம்'முனு தரையில இறங்கும். புழுதி எகிறும். மூணு எண்ணுற வரைக்கும் கல்லாட்டம் இருப்பான். அப்புறம் மெதுவா தலை நிமிரும். நிமிர்றது ஹீரோ தலை, அது வேற ஷாட். ஆனா அந்த 'டம்' இருக்கே, அதுக்குத் தியேட்டரே விசில் அடிக்கும். எத்திராஜுக்கு இந்தப் பொறப்புல கிடைச்ச விசில் அது ஒண்ணுதான்.

இப்ப வலது முட்டி, படி இறங்கினா கறகறங்குது.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துல தூக்கிக் காட்டினார். "எலும்புக்கு நடுவுல மெத்தையாட்டம் ஒண்ணு இருக்கணும். உனக்குத் தேய்ஞ்சுக்கிட்டே வருது. இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. இதே மாதிரி குதிச்சேன்னா அதுவும் இருக்காது."

இன்னும் பதினாறு நாள்ல, சனிக்கிழமை, ஒரு ஷாட். ஒம்பதடிச் சுவர், கீழ கருங்கல் தரை. கேமராவைத் தரையோட தரையா வைக்கிறாங்க, அதனால மெத்தை போட வழியில்ல. ஃபைட் மாஸ்டர் கஜபதி தெளிவா சொல்லிட்டார்.

"முடியும்னா நீ குதி. முடியாதுன்னா இப்பவே சொல்லு. வேற ஆளு குதிக்கட்டும், நீ மெத்தை தூக்கு."

மெத்தை தூக்குறது கேவலமான வேலை இல்லீங்க. விழுறவன் உசுரு அவன் கையிலதான் இருக்கு. ஆனா பத்தொம்பது வருஷம் குதிச்சவன், இன்னொருத்தன் குதிக்கிறதுக்கு மெத்தையைத் தட்டிப் போட்டுட்டு ஓரமா நிக்கணும்னா? எத்திராஜ் பல்லைக் கடிச்சான். குதிச்சே தீரணும். முட்டியும் மிஞ்சணும்.

அந்த நேரத்துலதான் ஸ்டேஷனுக்குக் கீழ இருக்கிற டீக்கடையில நின்னுக்கிட்டு தபிதாவைப் பார்த்தான். ஆளுயரச் சுவர்லேருந்து அந்தப் பொண்ணு குதிச்சா. டீ குடிச்சுக்கிட்டிருந்த எட்டுப் பேர்ல ஒருத்தர்கூடத் திரும்பலை. சத்தம் வந்தாத்தானே திரும்புவாங்க.

தபிதா சொல்லிக் குடுக்கிறதுக்குப் பார்க்கூர்னு பேரு. சுவரோ, கம்பியோ, படிக்கட்டோ, எது குறுக்க வந்தாலும் தாண்டி ஓடிக்கிட்டே இருக்கிற வித்தை. எத்திராஜ் டீயைப் பாதியில வச்சுட்டுப் போய் நின்னான். பதினஞ்சு வயசு சின்னவளை டீச்சர்னு கூப்பிட்டான். முட்டி வலிச்சா மரியாதை தானா வரும் போல.

"குதிச்சுக் காட்டுங்கண்ணே."

ஆறடிச் சுவர்ல ஏறிக் குதிச்சான். டம். மேல உத்தரத்துல இருந்த புறா அத்தனையும் பறந்துச்சு. முட்டி, முஷ்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு, தலை நிமிர்ந்தான்.

"ஏன் அப்படியே நின்னுட்டீங்க?"

"கேமராவுக்கு."

"கேமரா எங்கண்ணே?"

எத்திராஜ் சுத்திப் பார்த்தான். "உடம்புல இருக்கு டீச்சர்."

தபிதா பையிலேருந்து ஒரு தண்ணி பாக்கெட்டை எடுத்தா. பத்தடி தள்ளிப் போய் வீசினா. புடிச்சான்.

"கை என்ன பண்ணுச்சு?"

"புடிச்சுது."

இன்னொண்ணு வீசினா. இந்தத் தடவை கையைக் கவனிச்சான். பாக்கெட் வர்றதுக்கு முன்னாடியே கை எதிரப் போச்சு. தொட்டதும் அதோட கூடவே இடுப்பு வரைக்கும் கீழ வந்துச்சு.

"உடையலையே, ஏன்?"

"கை கூடவே போச்சு."

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"இதைப் போய் யாராச்சும் சொல்லிக் குடுப்பாங்களா டீச்சர்?"

"அப்ப காலுக்கு மட்டும் யாரோ மாத்திச் சொல்லிக் குடுத்திருக்காங்க. போய் அந்தப் படியில ஏறுங்க."

படி ஒரு சாண் உயரம். எத்திராஜ் படியைப் பார்த்தான், தபிதாவைப் பார்த்தான்.

"டீச்சர், நான் மூணாவது மாடியிலேருந்து..."

"தெரியும். ஏறுங்க."

அங்க ஓரத்துல பஜ்ஜி போடுற கன்னியம்மா சிரிச்சுட்டா. அவளுக்குத் தெரியும். அவ வீட்டுக்காரர் முப்பத்தஞ்சு வருஷம் தென்னை மரம் ஏறினவர். ஒரு கீறல் கிடையாது. மரமேறுறதை விட்டப்புறம் ஒரு நாள் பேப்பர் படிச்சுக்கிட்டே வாசப்படி இறங்கினார், இடுப்பெலும்பு போச்சு. பேப்பர்ல என்ன போட்டிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அவருக்கு ஞாபகம் இல்ல. வாழைக்காய் பஜ்ஜி வாங்குற எல்லாருக்கும் கன்னியம்மா இந்தக் கதையைச் சொல்லுவா. வெங்காய பஜ்ஜிக்கு வேற கதை.

சரி, படிக்கு வரேன்.

படிக்குப் பக்கத்துல ஒரு நாய் படுத்திருக்கும். ஸ்டேஷன்ல எல்லாரும் அதை ஆபீசர்னு கூப்பிடுவாங்க. காலையில பத்து மணிக்கு வந்து படுக்கும், சாயங்காலம் அஞ்சரைக்கு எழுந்து போகும்.

"ஆபீசரை எழுப்பாம இறங்குங்க. அவ்வளவுதான் பாடம்"னா தபிதா.

முதல் நாள் அறுபது தடவை இறங்கினான். அறுபது தடவையும் ஆபீசர் கண்ணைத் திறந்து பார்த்துச்சு. அறுபத்தொண்ணாவது தடவை எழுந்து அடுத்த தூணுக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிடுச்சு.

"குதிகால் முதல்ல வருதுண்ணே. குதிகாலுக்கு மடங்கத் தெரியாது. முன்பாதம் வரட்டும், குதிகால் கடைசியா தரையை லேசா விசாரிச்சுட்டுப் போகட்டும்."

ரெண்டாம் நாள்.

"முட்டி உள்பக்கம் சாயுது. கால் விரல் எங்க பார்க்குதோ முட்டியும் அங்கயே பார்க்கணும்."

மூணாம் நாள்.

"விறைப்பா நிக்கிறீங்க."

நாலாம் நாள்.

"இப்ப ரொம்ப உக்காந்துட்டீங்க. நாற்காலி உயரத்தோட நிறுத்துங்க. அதுக்கும் கீழ போனா பாரம் பூரா முட்டி தலையில."

"எவ்வளவுதான் டீச்சர் ஞாபகம் வச்சுக்கிறது?"

"கணுக்கால், முட்டி, இடுப்பு. மூணு பேரும் வேலையைப் பங்கு போட்டுக்கணும். ஒருத்தர் தலையில கட்டக் கூடாது."

"எங்க யூனிட்ல எப்பவும் ஒருத்தன் தலையிலதான் கட்டுவாங்க."

"அதான் உங்க முட்டியும் அதையே கத்துக்கிட்டிருக்கு."

எத்திராஜ் திரும்பவும் படியில ஏறினான். இறங்கினான், ஏறினான், இறங்கினான். ஸ்டேஷன்லேருந்து இறங்கி வர்றவங்க நின்னு பார்த்தாங்க. ஒருத்தர், "பாவம், பக்கவாதம் வந்து நடக்கப் பழகுறாரு போல"ன்னார். எத்திராஜ் காதுல விழுந்துச்சு. முகம் சிவந்துச்சு. இன்னும் நாப்பது தடவை இறங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனான்.

ஒரு படி ரெண்டு படியாச்சு. அப்புறம் சிமெண்ட் பெஞ்சு. அப்புறம் இடுப்பளவுச் சுவர். வேகம் மிச்சம் இருந்தா கையைத் தரைக்குக் குடுக்கக் கத்துக்கிட்டான். கையும் போதலைன்னா உருளக் கத்துக்கிட்டான். ஒரு தோள்ல ஆரம்பிச்சு எதிர்ப்பக்க இடுப்புல முடியணும், குறுக்கால. முதுகெலும்பு மேல நேரா உருண்டா, தபிதா தூரத்திலேருந்தே "ஆ!"ன்னு அவனுக்குப் பதிலா கத்துவா.

பத்தாம் நாள் ஆறடிச் சுவர். இறங்கினான். ஆபீசர் கண்ணைத் திறக்கலை. ஒரு காது மட்டும் எழுந்து படுத்துச்சு.

"ஒரு காது"ன்னா தபிதா.

பன்னண்டாம் நாள் அந்தக் காதும் எழுந்திருக்கலை.

எத்திராஜுக்குத் தலைகால் புரியலை. ஓடிப் போய் ஒரு முட்டை போண்டா வாங்கி நாய்க்குப் பக்கத்துல வச்சான். வாசனைக்கு எழுந்துடுச்சு. அன்னைக்கு வீட்டுப் படியை ஒவ்வொண்ணா இறங்கிப் பார்த்தான். முட்டி கறகறன்னுச்சு, ஆனா சின்னக் குரல்ல.

வியாழக்கிழமை ஒத்திகை. ஒம்பதடிச் சுவர். கஜபதி மாஸ்டர் நாற்காலியில உக்காந்து, "ஆக்‌ஷன்"னார். அவர் கதையும் ஒண்ணு இருக்கு. ஒரு காலத்துல ஓடுற ரயில்லேருந்து குதிச்சவர், இப்ப நாற்காலியை விட்டு எழுந்திருக்க ரெண்டு கைப்பிடியும் வேணும்.

எத்திராஜ் குதிச்சான். சத்தமே இல்ல.

"கட், கட்! என்னடா இது? காக்கா இறகு விழுற மாதிரி விழுற? ஹீரோடா! வெயிட்டு வேணாமா? பார்க்கிறவனுக்கு வயித்தைக் கலக்கணும்டா!"

"மாஸ்டர், முட்டி..."

"முட்டி உன் வீட்டு விஷயம். எனக்கு சனிக்கிழமை அந்த அடி வேணும். அந்த 'டம்' வேணும். இல்லையா, மெத்தை அங்க இருக்கு, போய்த் தூக்கு."

எத்திராஜ் பஸ்ஸுல வரலை. கோவத்துல ஏழு கிலோமீட்டர் நடந்தே வந்தான். வந்ததும் தபிதா முன்னாடி நின்னான்.

"உங்களால கெட்டேன் டீச்சர். டம்முனு விழுந்தா முட்டி போகும். விழலைன்னா பொழப்பு போகும். ரெண்டு நாள்தான் இருக்கு. எதை விடட்டும்? நீங்களே சொல்லுங்க."

தபிதா தலைமுடியை இறுக்கிக் கட்டினா.

"என்னை அடிங்கண்ணே."

"என்னது?"

"சினிமாவுல அடிப்பீங்களே, அப்படி. மூஞ்சியில."

"டீச்சர், நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன..."

"அடிங்கண்ணே. பத்தொம்பது வருஷமா செய்யிறதுதானே."

இருந்த கோவத்துல எத்திராஜ் ஓங்கிட்டான். முஷ்டி காத்தைக் கிழிச்சுக்கிட்டு அவ கன்னத்தைத் தாண்டிப் போச்சு. தபிதா தலை ஒரு பக்கம் திரும்புச்சு, உடம்பு சுழண்டுச்சு, சுருண்டு விழுந்தா, உருண்டா, அப்படியே கிடந்தா.

"அடப்பாவி!"

கன்னியம்மாதான். கையில ஜல்லிக்கரண்டி, எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடி வர்றா.

"பொம்பளைப் புள்ளை மேலயாடா கை வைக்கிற? பதினாலு நாளா ஒழுங்கா இருந்தியேடா, ரெண்டு பஜ்ஜி சேர்த்துப் போட்டேனேடா உனக்கு!"

முதுகுல ஒண்ணு வச்சா. சினிமாவே பார்த்த அந்த முதுகுல. அது நிஜமாவே பட்டுச்சு.

"அக்கா! அக்கா, விடுங்க!" தபிதா சிரிச்சுக்கிட்டே எழுந்தா. "நடிப்புக்கா. அடியே படலை."

"நடிப்பா?" கன்னியம்மா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டா. "நாசமாப் போச்சு. வயித்தைக் கலக்கிடுச்சேடி எனக்கு!"

எத்திராஜ் முதுகைத் தேய்ச்சுக்கிட்டிருந்தவன், தேய்க்கிறதை நிறுத்தினான். அந்த வார்த்தையைக் காலையிலதான் கேட்டிருந்தான்.

"பட்டுச்சாண்ணே?"ன்னு தபிதா கேட்டா.

"எப்படிப் படும்? நாலு விரல் தள்ளித்தான் போகும். நிஜமா அடிச்சா அவன் மறுநாள் வேலைக்கு வர வேணாமா?"

"சத்தம்?"

"அது அப்புறம் ஸ்டூடியோவுல போடுவாங்க."

"இத்தனை வருஷத்துல ஒருத்தர் மேலயும் பட்டதில்லையா?"

எத்திராஜ் நிமிர்ந்து நின்னான். இது அவன் கௌரவம். "ஒருத்தர் மேலயும் பட்டதில்ல. யூனிட்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

தபிதா குத்த வச்சு உக்காந்தா. அடிபட்ட குழந்தை முதுகைத் தடவுற மாதிரி, சிமெண்ட் தரையைக் கையால தடவிக் குடுத்தா.

எத்திராஜ் அந்தக் கையைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"அப்ப என் டம்மு..."ன்னு ஆரம்பிச்சவன் முடிக்கலை.

அங்க எண்ணெயில கிடந்த பஜ்ஜி கருகுற வாடை வந்துச்சு. கன்னியம்மா அலறிக்கிட்டு ஓடினா. ஆபீசர் இத்தனைக்கும் எழுந்திருக்கலை. கன்னியம்மா சத்தம் அதுக்குப் பழகிப் போன சத்தம். தபிதா விழுந்தது அதுக்குக் கேக்கவே இல்ல.

எத்திராஜ் தபிதா பக்கம் திரும்பினான்.

"டீச்சர், எப்படி விழுந்தீங்க? இன்னொரு தடவை காட்டுங்க."

"அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அடி வாங்கின மாதிரி விழுறதுக்கு நான் எங்க படிச்சேன்? உங்க படம் பார்த்துக் கத்துக்கிட்டது."

எத்திராஜ் சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு ஆறடிச் சுவர்ல ஏறினான். அன்னைக்கு ஆபீசர் எழுந்து வீட்டுக்குப் போன பின்னாடியும் குதிக்கிறதை நிறுத்தலை. வெள்ளிக்கிழமை காலையில ஆபீசருக்கு முன்னாடியே வந்துட்டான்.

சனிக்கிழமை.

கருங்கல் தரை பளபளன்னு இருந்துச்சு. கேமரா தரையோட ஒட்டிப் படுத்திருந்துச்சு. ஓரத்துல மெத்தை ரெண்டு மடிச்சு வச்சிருந்தாங்க, எத்திராஜுக்கு நேர் எதிர்ல, அவன் பார்வையில படுற மாதிரி. கஜபதி மாஸ்டர் வேணும்னுதான் வைக்கச் சொன்னாரா, தெரியாது.

"டம் உண்டாடா?"

"உண்டு மாஸ்டர். புழுதி மட்டும் இன்னும் நாலு கை தூவச் சொல்லுங்க."

தூவினாங்க. எத்திராஜ் சுவர் மேல நின்னான். கீழ பார்த்தான். பத்தொம்பது வருஷமா குதிக்கிறதுக்கு முன்னாடி பல்லைக் கடிக்கிறது பழக்கம். இன்னைக்குத் தாடையைத் தளர விட்டான்.

"ஆக்‌ஷன்!"

வந்தான். முன்பாதம் தொட்டுச்சு. கணுக்கால் வாங்கிக்கிச்சு, முட்டி வாங்கிக்கிச்சு, இடுப்பு பின்னால போய் வாங்கிக்கிச்சு. ரெண்டு கையும் தரையை வாரி வெளிப்பக்கம் வீச, புழுதி ஆளுயரத்துக்கு எகிறுச்சு. வேகம் அத்தனையும் கரைஞ்சு போன பின்னாடி, அந்தப் புழுதிக்குள்ள, தூங்குற புள்ளையைத் தோள்லேருந்து பாயில இறக்குற மாதிரி வலது முட்டியைக் கல்லு மேல வச்சான். முஷ்டியை வச்சான். தோளை ஒரு உதறு உதறினான், இடி விழுந்தவன் மாதிரி. தலை தொங்குச்சு. இத்தனையும் கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கிறதுக்குள்ள.

ஒண்ணு.

"ஐயோ!" யாரோ ஒரு பொம்பளைக் குரல். மேக்கப் பெட்டி கீழ விழுந்து பவுடர் டப்பா உருண்டுச்சு.

ரெண்டு.

உருண்ட டப்பா மெத்தையில இடிச்சு நின்னுச்சு.

மூணு.

"கட்! கட்! ஓடுங்கடா!"

எல்லாருக்கும் முன்னாடி ஓடி வந்தது கஜபதி மாஸ்டர்தான். கைப்பிடியைப் புடிச்சாரா, எப்படி எழுந்தார், யாரும் பார்க்கலை. புழுதிக்குள்ள வந்து எத்திராஜ் தோளைப் புடிச்சு உலுக்கினார்.

"எத்திராஜு! முட்டி போச்சாடா? நான் ஏதோ கோவத்துல சொன்னேன்டா. இப்படியாடா போட்டு அடிப்ப தரையை?"

எத்திராஜ் மெதுவா தலையைத் தூக்கினான்.

"அடிக்கலை மாஸ்டர். நாலு விரல் தள்ளி."